குட்டைக் காலும் கணுக்கால் கடியும்

போன மாசம் நண்பர் ஒருத்தர் கேட்டார். "கார்கி வாங்கலாம்னு இருக்கோம்பா, நீ என்ன சொல்றே?" ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், மூணாவது மாடி. வீட்டுல நாலு வயசுல ஒரு வாலுப் பையன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. ஏன் குறிப்பா கார்கின்னு கேட்டேன். "சின்ன நாய்தானே, ஃப்ளாட்டுக்கு வசதி. அப்புறம் அந்த நடை, அந்தப் பின்பக்கம்... வீடியோவுல பார்த்திருக்கியா?"

பார்த்திருக்கேன். யார்தான் பார்க்கல. ஆனாலும் வேண்டாம்னுதான் சொன்னேன். மனுஷன் முகம் சுருங்கிப் போச்சு. ஒரே வார்த்தையில வேண்டாம்னு சொன்னா ஏதோ வயித்தெரிச்சல்ல சொல்ற மாதிரி இருக்கும். அதனால விலாவாரியா இங்கேயே எழுதிடறேன். நான் நாய் டாக்டர் எல்லாம் இல்லீங்க. சின்ன வயசுலேர்ந்து நாய்ப் பைத்தியம், அவ்ளோதான் தகுதி.

கார்கி மடியில வச்சுக் கொஞ்சறதுக்காக உருவான நாயே இல்லை. அது மாடு ஓட்டுற நாய். ஆடு கூட இல்லை, மாடு! தரையிலேர்ந்து தோள் வரைக்கும் அளந்தா ஒரு அடி தேறுறதே கஷ்டம், எடை பத்துப் பன்னெண்டு கிலோ. அந்த ஜீவன் நானூறு கிலோ மாட்டுக்குப் பின்னாடி போய் "ம்ம், நட"ன்னு சொல்லி நடக்க வைக்கும். அதுக்கு மண்டைக்குள்ள எவ்வளவு திமிர் இருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தத் திமிரைத்தான் பெட்டியில போட்டு வீட்டுக்குக் கொண்டு வர்றோம்.

வேல்ஸ் மொழியில கோர்னா குள்ளம், கின்னா நாய். குள்ள நாய். பேரு வைக்கிறதுல நம்ம ஊர் ஆளுங்க மாதிரியே நேர்மையானவங்க. வேல்ஸ் மலைப்பக்கத்துல மாடு வளர்த்தவங்க, இங்கிலாந்து சந்தைகளுக்கு அதுங்களை நடத்தியேதான் கூட்டிட்டுப் போவாங்க. லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தை வரைக்கும்கூட நடைதான். 19ஆம் நூற்றாண்டுல ரயில் வந்துதான் இந்த நடை நின்னுச்சு. வழியில குளம்பு தேயக்கூடாதுன்னு மாட்டுக்கு லாடம் அடிப்பாங்க, நம்ம ஊர்ல வண்டி மாட்டுக்கு அடிக்கிற மாதிரி. வாத்துக் கூட்டத்தையும் இப்படி நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. வாத்துக்கு லாடம் அடிக்க முடியுமா? பாதத்தைத் தாருல முக்கி, மணல்ல நடக்க விட்டு, ஒரு செருப்பு மாதிரி பண்ணிடுவாங்களாம். (இதைப் படிச்சதுலேர்ந்து வாத்தைப் பார்த்தாலே காலைத்தான் பார்க்கிறேன்.) இந்த மாதிரி மாட்டுக்கும் வாத்துக்கும் பின்னாடி ஓடிப் பழகினவர்தான் நம்ம ஹீரோ.

மேய்க்கிற நாய்ங்க வேலை செய்யறது முக்கியமா ரெண்டு விதம். முன்னாடி போய் மறிக்கிறது ஒண்ணு, பின்னாடி நின்னு தள்ளுறது இன்னொண்ணு. பார்டர் கோலி முதல் ரகம். வளைச்சுப் போய் முன்னாடி நிக்கும், உடம்பைத் தாழ்த்தும், கண்ணாலயே முறைச்சு மந்தையை நிறுத்திடும். ஆட்டுக்கு அது போதும். மாடு? நீ முறைச்சா அது திருப்பி முறைக்கும். அதனால மாட்டுக்குப் பின்பக்கம்தான் சரி. போய்ப் பின்னங்காலைக் குளம்புக்கு மேல நறுக்குன்னு ஒரு கவ்வு. மாடு உதைக்கும். அந்த உதை வீசி வர்றப்போ நாய் தரையோடு தரையா ஒட்டிக் கிடக்கும், கால் தலைக்கு மேல காத்துல போயிடும். மாடு காலை ஊன்றதுக்குள்ள எழுந்து அடுத்த மாட்டுக்கிட்ட போயாச்சு. உயரமான நாயா இருந்தா முதல் நாளே தாடை கழண்டிருக்கும். நாம வீடியோவுல பார்த்து "ஐயோ க்யூட்"னு சொல்ற அந்தக் குட்டைக் கால், தொழிலுக்கு இருக்கிற தலைக்கவசம் மாதிரி.

இப்ப அந்த நாலு வயசுப் பையனை இந்த நாய் கண்ணு வழியா பாருங்க. ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் கத்திக்கிட்டே ஓடுறான். மந்தையை விட்டுப் பிரிஞ்சு ஓடுற கன்னுக்குட்டி! பின்னாடியே ஓடிப் போய்க் கணுக்கால்ல ஒரு கவ்வு. பையன் அலறுவான், இன்னும் வேகமா ஓடுவான், நாய்க்கு உற்சாகம் கூடும். ரெண்டாவது தடவை ரத்தம் வரும். "நாய் குழந்தையைக் கடிச்சிடுச்சு"ன்னு வீடே அல்லோலகல்லோலப்படும். அடுத்த வாரம், "ஒன்றரை வயசுக் கார்கி, நல்ல வீட்டுக்குக் கொடுக்கிறோம்"னு ஒரு அறிவிப்பு. நாய்க்குக் கோபமும் இல்லை, வெறியும் இல்லை. டூட்டி பார்த்துச்சு. வேலைக்குச் சேர்த்துட்டு, வேலை செஞ்சதுக்காக வீட்டை விட்டு அனுப்பின கதைதான் இது.

கொஞ்சம் ஓவரா சொல்றேன்னு நினைக்கிறவங்க லண்டன் அரண்மனைப் பக்கம் ஒரு ரவுண்டு வாங்க. எலிசபெத் ராணி வீட்டுக்கு முதல் கார்கி 1933ல வந்துச்சு, பேரு டூக்கி. ராணிக்குன்னே சொந்தமா வந்தது சூசன், 1944ல 18வது பிறந்தநாளுக்கு அப்பா கொடுத்த பரிசு. அதுக்கப்புறம் அவங்க வளர்த்த முப்பதுக்கும் மேற்பட்ட கார்கிகள்ல முக்காவாசி சூசனோட வம்சம், மொத்தம் 14 தலைமுறை. அந்த மூலப்பாட்டி சூசனே, அரண்மனைக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க வந்தவரோட கணுக்காலைப் பதம் பார்த்த புண்ணியவதிதான். 1991ல நாய்ச் சண்டையை விலக்கிவிடப் போன ராணிக்கே கையில மூணு தையல். ஏக்கர் கணக்குல தோட்டம், கவனிக்க ஆளு, அம்பு, எல்லாம் இருக்கிற இடத்துல இந்தக் கதி. மூணாவது மாடி ஃப்ளாட்டுல லிஃப்ட் பக்கத்து வீட்டுக்காரர் கணுக்கால் என்ன ஆகும்?

ராணியைப் பத்திப் பேசும்போது ஒண்ணு சொல்லியே ஆகணும். வயசான காலத்துல குட்டி போட வைக்கிறதை நிறுத்திட்டாங்க. தனக்கு அப்புறம் இளசு நாய்களை அநாதையா விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு அப்படிப் பண்ணினதா சொல்றாங்க. சூசன் வம்சத்துல கடைசி, வில்லோ, 2018ல செத்துப் போச்சு. ராஜா ராணி விவகாரத்துல எனக்கு எந்த மரியாதையும் கிடையாது, ஆனா இந்த ஒரு முடிவுக்கு ஒரு சல்யூட்.

கார்கியோட நிறுத்தினா ஓரவஞ்சனை ஆயிடும். சின்ன உருவத்துல மேய்க்கிற நாய்ங்க இன்னும் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை, வேலைக்கேத்த ஒரு "கெட்ட" பழக்கம்.

ஷெல்டின்னு செல்லமா கூப்பிடற ஷெட்லாண்டு ஷீப்டாக் எடுத்துக்கோங்க. ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற ஷெட்லாண்டு தீவுகள்ல மரம் குறைவு, காத்து ஜாஸ்தி, நிலமும் துண்டு துண்டா. வேலி இல்லாத வயல்ல ஆடு புகுந்துடாம விரட்டுறது இதோட வேலை. விரட்டுற ஆயுதம் என்ன? குரல். ஓடிக்கிட்டே குரைக்கும், குரைச்சுக்கிட்டே ஓடும். பார்க்க லாஸி படத்துல வர்ற கோலி நாயைச் சுருக்கின மாதிரியே இருக்கும், ஆனா அப்படிச் சொன்னா கோலிக்காரங்களுக்குக் கோபம் வரும். அந்தக் காலத்துல ஷெட்லாண்டு கோலின்னு பேரு வைக்கப் போய், கோலிக்காரங்க சண்டை போட்டு, 1914 வாக்குல ஷீப்டாக்னு மாத்த வேண்டியதாப் போச்சு. ரொம்பப் புத்திசாலி, சொன்னதை டக்குனு பிடிச்சுக்கும், குழந்தைங்ககிட்ட கார்கி அளவுக்குப் பல்லைக் காட்டாது. ஆனா காலிங் பெல், குக்கர் விசில், எதிர் வீட்டுச் சாவிச் சத்தம் எல்லாத்துக்கும் பதில் சொல்லும். குரைக்காத ஷெல்டி வேணும்னு கேட்கிறவங்க, பொம்மைக் கடைக்குப் போறது உத்தமம்.

ஷெல்டி வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, இந்தப் பத்தியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. கோலி குடும்பத்து நாய்கள்ல எம்டிஆர்1ங்கிற ஜீன் பழுதாகி இருக்கிறது உண்டு. ஷெல்டியிலயும் சிலதுக்கு இருக்கும். அந்த நாய்ங்களுக்குச் சில மருந்துகள் மூளைக்குள்ள போய்த் தங்கிடும். அதுல முக்கியமானது ஐவர்மெக்டின். சொறிக்கு அதிக டோஸ்ல ஊசி போட்டா, தள்ளாட்டம், வலிப்பு, கோமா, உயிரே கூடப் போகலாம். டாக்டர் ஊசி எடுக்கிறதுக்கு முன்னாடியே "இது கோலி ஜாதி சார்"னு வாயைத் திறந்து சொல்லிடுங்க.

அப்புறம் ஸ்வீடன்ல ஒருத்தர் இருக்கார், வால்ஹுண்டு. ஓநாயைத் துவைச்சுச் சுருங்கப் போட்ட மாதிரி உருவம். வேலை கார்கி வேலையேதான், மாட்டுக் கணுக்கால். கார்கியைவிடக் கால் கொஞ்சம் கூட, முதுகு அவ்வளவு நீளம் இல்லை. வைக்கிங்குகள் வேல்ஸுக்குக் கொண்டு போய்க் கார்கி ஆச்சா, அங்கேருந்து இங்கே வந்துச்சான்னு ரெண்டு ஊர்க்காரங்களும் இன்னும் அடிச்சுக்கிறாங்க, நமக்கெதுக்கு வம்பு. 1942ல இந்த இனம் அழிஞ்சே போயிடுச்சுங்கிற நிலைமையில, பியோர்ன் ஃபோன் ரோசன்னு ஒரு பிரபு, கார்ல் குஸ்டாவ் ஸெட்டர்ஸ்டன்னு ஒருத்தரைக் கூட்டு சேர்த்துக்கிட்டு, பண்ணை பண்ணையாத் தேடி ஒரு ஆண், மூணு பெண் கண்டுபிடிச்சு வளர்த்தார். 1943லயே அந்த ஊர் கென்னல் கிளப் தனி இனம்னு ஏத்துக்கிச்சு. இன்னைக்கு உலகத்துல இருக்கிற வால்ஹுண்டு எல்லாம் இந்த மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய சில நாய்கள்லேர்ந்து வந்ததுதான்.

ஹங்கேரியில ஒரு மேய்ப்பு நாய்க்குப் பேரு என்ன தெரியுமா? புலி. சத்தியமாங்க. உடம்பு பூரா ஜடாமுடி, சாமியார் மாதிரி. கறுப்பா இருக்கும். ஆட்டுக் கூட்டத்தைத் தாண்டணும்னா முதுகு மேல ஏறியே ஓடிடும்னு சொல்வாங்க. ஆக, அந்த ஊர்ல புலி ஆட்டு மேல பாய்ஞ்சா ஆட்டுக்கு நல்லது :-) ஃபேஸ்புக் மார்க் ஜுக்கர்பெர்க் 2011ல வாங்கின நாய் இந்தப் புலிதான். ஜடையைக் காய வைக்கவே ஒரு நாள் ஆகும். அவர்கிட்ட ஆள் இருக்கு.

சரி, கார்கிக்கே திரும்புவோம். குணத்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்த உடம்பு.

குட்டைக் காலுக்குக் காரணம் எஃப்ஜிஎஃப்4ங்கிற வளர்ச்சி ஜீனோட ஒரு கூடுதல் பிரதி, தப்பான இடத்துல போய் ஒட்டிக்கிட்டது. கார்கி, டாஷண்டு, பாஸெட் ஹவுண்டு எல்லாத்துக்கும் அதே கதைன்னு 2009ல கண்டுபிடிச்சாங்க. 2017ல இன்னொரு பிரதியும் அகப்பட்டுச்சு. அது காலோட நிக்கிறதில்லை. முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற வட்டுகளையும் சின்ன வயசுலயே காய்ஞ்சு கெட்டியாக்கிடும். கெட்டியானது ஒரு நாள் பிதுங்கி நரம்பை அழுத்தினா, காலையில நல்லா இருந்த நாய் சாயங்காலம் பின்னங்காலை இழுத்துக்கிட்டு நிக்கும். பெம்ப்ரோக் கார்கிக்கு இந்த ரெண்டாவது பிரதியும் உண்டு.

மாட்டுக்குப் பின்னாடி நாள் பூரா ஓடின நாய் ஒல்லியா, தசை முறுக்கோட இருந்திருக்கும். நீளமான முதுகை அந்தத் தசைதான் தாங்கும். இன்னைக்கு வீடியோவுல லட்சக்கணக்குல லைக் வாங்குற கார்கியைப் பாருங்க. பாதிக்கு மேல குண்டு. "உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு, சோ ஸ்வீட்." அந்த உருளைக்கிழங்கு முதுகுல ஏறி உட்கார்ந்திருக்கிற ரெண்டு மூணு கிலோ, நமக்குப் பதினஞ்சு கிலோ மாதிரி. பழைய கார்கி போட்டோக்களைத் தேடிப் பாருங்க. கால் இப்ப இருக்கிறதைவிடக் கொஞ்சம் நீளமா, வயிறு தரையிலேர்ந்து நல்லாத் தள்ளி இருக்கும். ஷோவுல பரிசு வாங்கற ஆசையில குட்டையை இன்னும் குட்டை ஆக்கிட்டாங்கன்னு நான் நினைக்கிறேன். கென்னல் கிளப் ஆளுங்க சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

வால் விவகாரம் இன்னும் விசேஷம். கார்கியில ரெண்டு இனம். கார்டிகனுக்கு நரி வால், பெம்ப்ரோக்குக்கு வால் கிடையாதுன்னு பலர் நினைக்கிறாங்க. (1934 வரைக்கும் ரெண்டையும் ஒரே இனம்னுதான் வச்சிருந்தாங்க.) பெம்ப்ரோக்குல பிறவியிலேயே குட்டை வாலோட பிறக்கிறது சிலது. மத்ததுக்கெல்லாம் பிறந்த ஒரு சில நாள்ல நறுக்கிடுவாங்க. பிறவிக் குட்டை வாலுக்கும் ஒரே ஒரு ஜீன்தான் காரணம். அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதி சேர்ந்தா அந்தக் கரு பிழைக்காது. புரூஸ் கட்டனக்னு ஒரு மரபியல் விஞ்ஞானி, பாக்ஸர் நாய்ப் பிரியர், 1990கள்ல ஒரு பாக்ஸரையும் கார்கியையும் சேர்த்து, நாலஞ்சு தலைமுறையில பிறவிக் குட்டை வாலோட அச்சு அசல் பாக்ஸரைக் கொண்டு வந்து காட்டினார். வெட்டாமலே வேலை முடியும்னு நிரூபிக்கத்தான்.

பிரிட்டன்ல 2007லேர்ந்து அழகுக்காக வால் நறுக்கத் தடை. பெம்ப்ரோக் கார்கிகள் வாலோட நடமாட ஆரம்பிச்சுச்சு. என்ன ஆச்சுன்னு நினைக்கிறீங்க? வாங்குற ஆளு குறைஞ்சுட்டாங்க. 2014ல கென்னல் கிளப்புல பதிவான குட்டிகள் வெறும் 274. முந்நூறுக்குக் கீழே போனா ஆபத்துல இருக்கிற இனம்னு பட்டியல். ராணியோட நாய், சொந்த நாட்டுலயே ஆபத்துப் பட்டியல்ல! வால் மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாது, வயசானவங்க வளர்க்கிற நாய்ங்கிற பேரும் ஒரு காரணம். அப்புறம் 2016ல தி க்ரௌன் தொடர் வந்துச்சு. வீட்டுக்கு வீடு பார்த்தாங்க. பதிவு எகிறிடுச்சு, 2018ல கண்காணிப்புப் பட்டியல்லேர்ந்தே தூக்கிட்டாங்க.

எல்லாரும் இதை ஒரு சந்தோஷச் செய்தியா எழுதினாங்க. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. வால் முளைச்சதுன்னு விட்டுட்டுப் போனவங்களும் சரி, சீரியல்ல வந்துச்சுன்னு ஓடி வந்தவங்களும் சரி, இந்த நாய் என்ன வேலைக்குப் பிறந்ததுன்னு ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா? சீரியல் பார்த்து வாங்குறவங்க அடுத்த சீரியல் வந்ததும் வேற நாய்க்குப் போயிடுவாங்க. கார்கி பன்னெண்டு பதிமூணு வருஷம் இருக்கும்.

உடனே "வெளிநாட்டு நாய் எதுக்கு, சிப்பிப்பாறை வாங்கு, ராஜபாளையம் வாங்கு"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். எனக்கும் நாட்டு நாய்னா உசிரு. ஆனா மூணாவது மாடி ஃப்ளாட்டுல சிப்பிப்பாறையா? முயல் துரத்தி வேட்டைக்கு ஓடின நாய் அது. வேலையைப் பார்க்காம பெருமையைப் பார்த்து வாங்குறதும் அதே தப்புதான், சீரியலுக்குப் பதில் ஊர்ப்பாசம். தெருவுல கிடக்கிற ஒரு குட்டியை எடுத்து வளர்த்தா, இந்த வெயிலும் தாங்கும், பெரும்பாலும் முதுகுக் கோளாறும் இருக்காது. கார்கிக்கு ரெட்டை அடுக்கு ரோமம். வேல்ஸ் மழைக்கும் குளிருக்கும் போட்ட கோட்டு அது. நம்ம மே மாசத்துல ஏசி இல்லாம தவிச்சுப் போயிடும். ஷேவ் பண்ணிடலாம்னு யோசிக்காதீங்க, வெயில் நேரா தோல்ல அடிக்கும், ரோமமும் பழையபடி வளராம போகலாம்.

யாருமே கார்கி வளர்க்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. பகல்ல வீட்டுல ஆள் இருக்கணும். காலையும் சாயங்காலமும் ஒழுங்கா நடக்கணும், மூளைக்கும் ஏதாவது வேலை கொடுக்கணும். பந்தை உருட்டி விட்டுத் திருப்பி ஓட்டிட்டு வரச் சொன்னா, ஆசை ஆசையா மேய்க்கும். குட்டியில கணுக்காலுக்கு வந்துச்சுன்னா அலறி ஓடாம அப்படியே சிலை மாதிரி நின்னுடணும், ஓடாத மாட்டை மேய்க்கிறதுல அதுக்குச் சுவாரஸ்யம் இல்லை. பிறகு கவ்வ ஒரு பொம்மையைக் கொடுங்க. அடிக்காதீங்க. மாடு உதைச்சே அசராத ஜாதி, உங்க அடிக்கா பயப்படப் போகுது? விலா எலும்பு கையால தடவினா தட்டுப்படணும், தட்டுப்படலேன்னா பிஸ்கட்டை நிறுத்துங்க. சோஃபாவுலேர்ந்து குதிக்க விடாதீங்க, மாடிப்படியில தூக்கிட்டு இறங்குங்க. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்பக்கத்துக்கு, முதுகு நேரா இருக்கணும்.

அதுக்கு மேலயும் வாங்கியே தீருவேன்னா, விக்கிறவர்கிட்ட அம்மா நாயைக் காட்டச் சொல்லுங்க. ஒல்லியா இருக்கா, ஓடுதா, ஆள் வந்தா எப்படி நடந்துக்குதுன்னு கண்ணால பாருங்க. டிஎம்னு ஒரு நோய், வயசான கார்கிக்குப் பின்னங்காலிலேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா முடக்கிப் போடும், வலி இருக்காது, மருந்தும் கிடையாது. பெம்ப்ரோக்ல இதுக்கான எஸ்ஓடி1 ஜீன் பழுது ரொம்ப சகஜம். அம்மா அப்பா ரெண்டுக்கும் டிஎன்ஏ டெஸ்ட் பண்ணின பேப்பர் இருக்கான்னு கேளுங்க. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், சாம்பியன் லைன் சார்"னு பதில் வந்தா, குட்டியைத் தூக்கிக் கையில கொடுக்கிறதுக்கு முன்னாடி வெளியே வந்துடுங்க. கையில வாங்கிட்டா வர முடியாது.